சாவிக்குப் பதிலாக ஒரு பை

குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில், மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறவள் முத்துவடிவு. ஆனி, ஆடிச் சாரலுக்கு ஒரு கூட்டம் வரும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற சாமிமார் வருவார்கள். இரண்டு சீசனுக்கும் அவளுக்கு ஒரே வழக்கம்தான். முன்பணம் வாங்கின உடனே அறைச் சாவி ஒன்றை அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுவாள். கூட்டிப் பெருக்குவதற்கு இன்னொரு சாவி அவளிடம் இருக்கும். சாவி கைமாறிவிட்டால் பேசின வாடகைதான். அருவியில் தண்ணீர் கொட்டி, ரோட்டில் கார் நிறுத்த இடமில்லாமல் போய், அடுத்த வீட்டில் மூன்று மடங்கு வாங்கினாலும் இவள் வீட்டில் பேசின வாடகைதான்.

"சாவியக் கொடுத்துட்டு விலையக் கூட்டுனா, குற்றாலநாதர் என்னைக் கேக்க மாட்டாரா?" என்பாள்.

குற்றாலநாதரை அவள் பார்க்காத நாள் கிடையாது. ஒரு நாள் சன்னதியில் ஓதுவார் பாடி முடித்துவிட்டு, இந்தச் சாமியைப் பாடின மாதிரியே கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இருக்கிற திருக்கோணமலைச் சாமியையும் பாடியிருக்கிறார்கள் என்று சொன்னார். அன்றைக்குப் பிடித்த ஆசை அது. அந்தக் கோணமலைக் கோணேசரை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். தனியாக இல்லை, வீட்டுக்காரர் வல்லிநாயகத்தோடு சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும்.

வல்லிநாயகம் லாட்ஜில் சமையல் மாஸ்டராக இருந்து, முட்டி வலியால் நின்றுவிட்டவர். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, "இந்த மூஞ்சிய எதுக்குளா இலங்கைக்காரனுக்குக் காட்டணும்?" என்று கேலி பண்ணினாலும், முதல் நாளே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார்.

தென்காசியில் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டிராவல்ஸ். தை மாதம் இலங்கைக் கோயில் சுற்றுலா என்று போர்டு வைத்திருந்தார்கள். பாதிப் பணம் கட்டினால் போதும், மீதியைப் பிறகு கட்டலாம் என்றார் அங்கே இருந்த உமாசங்கர். முத்துவடிவு கேட்கவில்லை. சாரல் சீசனில் கிடைத்ததை எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் முழுப் பணத்தையும் கட்டினாள். முழுசாகக் கட்டிவிட்டால் பேச்சு முடிந்தது என்பது அவள் நினைப்பு. உமாசங்கர் ரசீதோடு ஆளுக்கொரு நீலத் தோள்பை கொடுத்தார். டிராவல்ஸ் பெயரை மஞ்சள் எழுத்தில் போட்ட பை. முத்துவடிவு அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாம் சாவி கொடுக்கிற மாதிரி இவர்கள் பை கொடுக்கிறார்கள் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

மார்கழி பிறந்து நாலைந்து நாளில் உமாசங்கரிடமிருந்து போன் வந்தது. டாலர் ஏறிவிட்டதாம். ஆளுக்கு ஏழாயிரம் கூடக் கட்ட வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் சீட்டு ரத்தாகிவிடும்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முத்துவடிவு தென்காசிக்குப் பஸ் ஏறினாள்.

"தம்பி, நீங்கதான் பையக் கொடுத்துட்டியளே! அதுக்குப் பெறகு எப்படி விலை கூடும்?"

உமாசங்கருக்கு முதலில் விளங்கவில்லை. "ஆச்சி, அது விளம்பரத்துக்குக் கொடுக்கிற பை. எல்லாருக்கும்தான் கொடுக்கோம்."

"நாங்க முழுப் பணமும் கட்டினவுகல்லா?"

"கட்டினிய. இல்லன்னு யாரு சொன்னா? அங்கன ஓட்டல், பஸ்ஸு எல்லாத்துக்கும் நாங்க டாலர்லதான் கொடுக்கணும். டாலர் ஏறினா வித்தியாசத்தக் கட்டணும்னு ரசீதுக்குப் பின்னாடி போட்டிருக்கு. வாசிச்சுப் பாக்கலையா?"

அவள் வாசிக்கவில்லை. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவளுக்கு அந்தப் பொடி எழுத்து ஓடாது. வாசித்திருந்தாலும் கையில் பை இருக்கும்போது அதை நம்பியிருக்க மாட்டாள்.

"டாலருக்கும் சீசன் உண்டோ தம்பி?"

"உண்டுன்னு வச்சுக்கிடுங்களேன்."

"அப்ப சீசன் இறங்குனா திருப்பித் தருவியளா? அருவியில குளிக்கத் தடை போட்டா நான் வாடகையில பாதியக் குறைச்சுக்கிடுவேன்."

உமாசங்கர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "அத இதுவரைக்கும் யாரும் கேக்கல ஆச்சி. என் கையில ஒண்ணுமில்ல. மெட்ராஸ் ஆபீஸ்ல சொல்லுததத்தான் நான் சொல்லுதேன்."

ரத்து செய்தால் கட்டினதில் பாதிதான் கிடைக்கும் என்றும் சொன்னார். வீட்டில் அப்போது பதினாலாயிரம் இல்லை. இருந்ததெல்லாம் டிராவல்ஸில் இருந்தது.

மறுநாள் காலையில் நாச்சியார் வந்தாள். ரோட்டோரம் நின்று வேன்களை மறித்து ரூம் பிடித்துக் கொடுக்கிறவள். அவள் பின்னால் ஆந்திராவிலிருந்து வந்த ஐயப்பமார், கறுப்பு வேட்டியும் ஈரத் தலையுமாக நின்றார்கள்.

"ஏட்டி முத்துவடிவு, ரெண்டு ரூமுக்கும் மூணு மடங்கு தாராவ. ரெண்டு ராத்திரி. இப்பவே கையில."

"அது சிவகாசி சாமிமாருக்குச் சொன்ன ரூமு. சாயந்தரம் வந்துருவாவ."

"ரூம்ல தண்ணி வரலன்னு போனப் போட்டுச் சொல்லு. இன்னொரு சாவி உங்கிட்ட இருக்குல்லா? கோணேசரு உன் வாசலுக்கே துட்டு அனுப்பிருக்காரு, நீ இங்கன நின்னு ஞாயம் பேசுத!"

முத்துவடிவு இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வல்லிநாயகம் கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ரூம மாத்திக் கொடுக்க வேண்டாம். அது பாவம்" என்றார் மெதுவாக. "ஆனா சிவகாசிக்காரங்ககிட்ட கொஞ்சம் கூடக் கேட்டாத்தான் என்ன? நம்மகிட்ட கேட்டாவல்லா?"

அது நியாயம் மாதிரித்தான் இருந்தது. முத்துவடிவு போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். சிவகாசிக் கூட்டத்துக்குக் குருசாமி மணிமுத்து. வருஷா வருஷம் வருகிறவர். மணி அடித்த உடனே எடுத்தார்.

"சாமி சரணம்! ஆச்சி, கிளம்பிட்டோம். சாவி பத்திரம். போன வருஷம் ஒரு சாமி அருவியில தொலைச்சுட்டாருன்னு ஏசுனீங்கள்ல? அதனால இந்தத் தடவ என் மாலையோட சேத்துக் கட்டிக் கழுத்துல போட்டுக்கிட்டேன். ஒரு மாசமா கழுத்துலதான் கிடக்கு. என்ன விஷயம் ஆச்சி?"

மாலையோடு சேர்ந்து கிடக்கிற சாவியிடம் என்னவென்று கேட்பது?

"ஒண்ணுமில்ல சாமி. எத்தன பேருன்னு கேக்கத்தான். சுக்குக் காப்பி போட்டு வைக்கேன்."

வெளியே வந்து நாச்சியாரிடம் இல்லை என்று தலையை ஆட்டினாள். "பொழைக்கத் தெரியாதவ" என்று முணுமுணுத்துக்கொண்டே நாச்சியார் ஆந்திரா சாமிமாரைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

வல்லிநாயகம் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"ஏளா, என் சீட்ட ரத்து பண்ணு. திரும்பி வாரதுல உன் பங்கு ஏழாயிரத்தக் கட்டிரலாம். மீதியும் கையில இருக்கும்."

"நீங்க இல்லாம நான் எப்படிப் போவேன்?"

"அந்த டூர்ல நாலு பொம்பளையாளு வாராவல்லா? எனக்குப் பிளேன்ல ஏறவே பயம். அதோட தையில மகரஜோதி பாத்துட்டு வார சாமிமாருக்கு யாரு கதவத் தொறந்து விடுவா? நாச்சியாரா? அவகிட்ட சாவியக் கொடுத்தா ஒரு ரூமுக்கு மூணு வண்டி ஆள ஏத்திருவா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மத்தியானமே தென்காசிக்குப் போனாள். உமாசங்கர் கழிக்க வேண்டியதைக் கழித்து, மீதியை எண்ணிக் கொடுத்தார். அவளுடைய சீட்டு நின்றது. எழுந்திருக்கும்போது அவள் வல்லிநாயகத்தின் நீலப் பையை மேஜை மேல் வைத்தாள்.

"பை இருக்கட்டும் ஆச்சி. அதுக்கு யாரும் துட்டு கேக்க மாட்டாவ."

"ஆளு வரலன்னா சாவியத் திருப்பிக் கொடுத்திரணும் தம்பி. வேற யாருக்காவது ஆகும்."

கொடுப்பதற்கு முன்னால், காலிதானா என்று ஜிப்பைத் திறந்து பார்த்தாள். உள்ளே புதுத் துண்டு ஒன்று மடித்து வைத்திருந்தது. அதற்கு அடியில் குற்றாலநாதர் கோயில் திருநீற்றுப் பொட்டலம். பிளேனில் ஏறப் பயம் என்று சொன்ன மனுஷன் என்றைக்கோ மூட்டை கட்டி வைத்துவிட்டார். முத்துவடிவு இரண்டையும் எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, ஜிப்பை இழுத்து மூடிக் கொடுத்தாள். உமாசங்கர் அதை வாங்கி அலமாரியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் சிவகாசி வேன் நின்றது. மாடியில் சரணம் கேட்டது. வல்லிநாயகம் முட்டி வலியோடு அடுப்பின் முன்னால் நின்று சுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பையக் கொடுத்துட்டியா?"

"கொடுத்தாச்சு. உள்ள இருந்தது எங்கிட்ட இருக்கு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சுக்கை வெந்நீரில் போட்டார்.

"கோணேசர்கிட்ட உங்களப் பத்தி என்ன சொல்ல?" என்று கேட்டாள்.

"என்னத்தச் சொல்ல? மாடியில ஆளு இருக்காவ, அதான் வரலன்னு சொல்லு. அந்தக் கருப்பட்டிய எடு."