பெரணிக்கு மருந்தடித்த அண்ணன்

"ஏ தங்கச்சி, ஓடியா... சீக்கிரம் ஓடியா!"

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பக்கத்து வீட்டு சரவணன் அண்ணன் போட்ட சத்தத்தில், பாம்புதான் என்று கம்போடு ஓடினேன்.

பாம்பு இல்லை. துணி துவைக்கிற இடத்துச் சுவரைக் காட்டிக்கொண்டு நின்றார் மனுஷன். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர் சொட்டுகிற இடம். பாசி மாதிரி பச்சைப் பச்சையாக ஏதோ... அதிலிருந்து சுருண்டு எட்டிப் பார்க்கும் குட்டிக் குட்டி இலைகள்.

"நீ பாட்டனி படிச்சவ. இது உன் மதினி செடியோட பிள்ளைதான? சொல்லு!"

பெரணி! அதாங்க, ஃபெர்ன்! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஏன் இந்தக் குதி என்கிறீர்களா? அண்ணனின் மனைவி செல்வி மதினி, கொடைக்கானலில் இருந்து மடியில் வைத்தே கொண்டுவந்த பெரணி அந்தச் சுவரில்தான் தொங்கியது. அருப்புக்கோட்டை வெயிலில் அதைப் பிழைக்க வைத்ததே பெரிய விஷயம். சித்திரையில் ஒருநாள், இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். அண்ணனுக்குப் பந்தல்குடி ரோட்டில் உரக்கடை. பருத்தியிலும் மிளகாயிலும் புள்ளி பார்த்தே பழகிய கண்ணு சும்மா இருக்குமா? மதினி அசந்த நேரம், உச்சி வெயிலில், அளவுக்கு மேல் மருந்தடித்துவிட்டார். பாசத்தில்தான்! நான் போய்ச் சொல்வதற்குள் செடி கருகிவிட்டது. அன்றிலிருந்து மதினி அவரிடம் பேசுவதில்லை. சோறு வரும், பேச்சு வராது.

அது நோயே இல்லைங்க! பெரணிக்குப் பூ கிடையாது, விதை கிடையாது. அந்தப் புள்ளியில் இருக்கும் ஸ்போர் என்கிற தூள்தான் அதன் வம்சம். ஈரத்தில் விழுந்தால், நகம் அளவுக்கு இதய வடிவில் ஒரு பச்சைத் தகடாகும். அதன் அடியில் ஒட்டி நிற்கிற தண்ணீரில் ஆண் அணு நீந்திப் போய் முட்டையைச் சேர்ந்தால்தான் புதுச் செடி. நீந்தணுமாம்... எங்க ஊரில்! மருந்துக்கு முன்பே உதிர்ந்த தூளை ஆர்.ஓ. தண்ணீர் காப்பாற்றியிருக்கிறது.

அண்ணனுக்கு வாயெல்லாம் பல்லு. "செல்வி, உசுரோட இருக்கு செல்வி!"

மதினி வந்து குனிந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. நானும் அழுதேன், சிரித்தேன், எல்லாம் செய்தேன்.

அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். "லேசா... உரம் ஏதும் வைக்கவா?"

மதினி விருட்டென்று திரும்பினார். "கிட்ட வந்தீக, கைய ஒடிச்சிருவேன்!"

இத்தனை மாசத்தில் அவர் புருஷனிடம் பேசிய முதல் வார்த்தை. மனுஷனுக்கு என்ன சந்தோஷம்கிறீங்க!