அடித்தவனுக்குத் தங்கம்

அவனுக்குத் தலைவலி. எனக்குக் கன்னம் வீங்கியிருந்தது. மருத்துவம் பார்க்க அவனைத்தான் அழைத்துப் போனோம்.

கட்டியவனை அவன் இவன் என்று எழுதுகிறாளே என்று முகம் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளிக்கட்டும். நேரில் வருடக்கணக்காக வாங்க, போங்க என்றுதான் பேசினேன். அந்த மரியாதைக்குக் கிடைத்தது உடைந்த கடைவாய்ப் பல்லும், மழைக்காலத்தில் இன்னும் குடைகிற இடது மணிக்கட்டும். பாலக்கோடு மார்க்கெட்டில் அவன் தக்காளி ஏலம் விடுகிறவன். அங்கே எல்லோரிடமும் சிரித்த முகம். தக்காளி விலை விழுந்தால் வீட்டில் எனக்கு அடி விழும். விலை ஏறினால் குடித்துவிட்டு வருவான், அப்போதும் விழும். ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த மேஜை மின்விசிறியைத் தூக்கி என் மேல் எறிந்தான். ஒயர் நீளம் போதாமல் பிழைத்தேன்.

அவனுக்குப் பிரஷர் இருந்தது, மாத்திரையும் சாப்பிட்டான். தலைவலி மட்டும் விடவில்லை. இங்கிலீஷ் மருந்து சூடு, ஓமியோபதி பார்க்கலாம் என்றார் என் மாமியார். மூன்று பேரும் தருமபுரிக்குப் பஸ் ஏறினோம்.

அந்த மருத்துவர் ஒரு பெண். கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். தாகம் எடுக்குமா, எந்தப் பக்கம் படுப்பார், தனியாக உட்கார்ந்து அழுவாரா. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதையும் மறைக்காதீர்கள் என்றார். பஸ்ஸிலேயே நான் முடிவு செய்திருந்தேன். கேட்டால் சொல்லிவிடுவது. இவன் ஒருநாள் என்னைக் கொன்றுவிடுவான் என்று எனக்குத் தெரியும். வெளியாள் ஒருவருக்காவது அது தெரியட்டும் என்று நினைத்தேன்.

கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டார். மாமியார் முந்திக்கொண்டார்.

“கோவமெல்லாம் இல்லீங்க. எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு நொந்து போறான்.”

மருத்துவர் என் கன்னத்தைப் பார்த்தார். மாடு முட்டிவிட்டது என்றார் மாமியார். “நீங்க சொல்லுங்கம்மா” என்று மருத்துவர் என் பக்கம் திரும்பினார். மேஜைக்கு அடியில் அவனுடைய செருப்புக் கால் என் கட்டைவிரல் மேல் ஏறியது. நகம் பெயர்ந்துவிடும்போல அழுத்தினான். மாடுதான் என்று நானும் சொன்னேன்.

உள்ளுக்குள் நொந்து, இருப்பதைவிடச் சாவதே மேல் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தங்கத்திலிருந்து ஒரு மருந்து செய்கிறார்களாம். அதைக் கொடுத்தார். என் கழுத்தில் குந்துமணித் தங்கம் கிடையாது. அடித்தவனுக்குத் தங்கம்.

கிளம்பும்போது அவர் சொன்னதை நான் ஒரு சொல் விடாமல் கேட்டேன். பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. தங்கம் என்றதும் பயப்பட வேண்டாம், பாட்டிலில் போட்டிருக்கும் எண் எத்தனை முறை கரைத்தது என்பதற்கு, இவ்வளவு கரைத்ததில் தங்கம் என்று சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. ஆனால் கடையில் நீங்களாகக் கேட்டு எதையும் வாங்காதீர்கள், முக்கியமாகச் சின்ன எண் போட்டு எக்ஸ் எழுத்து இருப்பதை. பாதரசம், ஈயம் மாதிரி உலோகம் அதில் நிஜமாகவே இருக்கும், சிறுநீரகம் கெட்டுவிடும். யாருக்கும் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் வேலையும் வேண்டாம். மாமியார் தலையைத் தலையை ஆட்டினார்.

தங்க உருண்டைகளைச் சில நாள் வாயில் போட்டுக்கொண்டான், பிறகு பாட்டிலை ஜன்னல் வழியாக வீசினான். அன்று சாயங்காலம் என் தலையைச் சுவரில் மோதினான். மாமியார் வழக்கம்போல வாசலில் போய் நின்றுகொண்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் மாமியார் காப்பி போட்டார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி மடக்கில் எதையோ கடித்துத் துப்பினான். கையில் பாதி கரைந்த ஒரு வெள்ளை மாத்திரை. டம்ளரை என் முகத்தில் எறிந்தான். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. அடுப்படியில் இருந்த எல்லாவற்றையும் தள்ளிக் கொட்டினான். ராகி மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒரு பாட்டில் இருந்தது. மேலே இங்கிலீஷில் பாதரசம் என்று எழுதியிருந்தது. அதன் பக்கத்தில் சின்ன எண், எக்ஸ்.

“பாதரசமாடி குடுக்கற?”

நான் மாமியாரைப் பார்த்தேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றிருந்தது. யார் கலந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் குனிந்து மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தார்.

என்னைத் தரையில் தள்ளி நெஞ்சில் முட்டி போட்டான். தாடையைப் பிளந்து பாட்டிலைக் கவிழ்த்தான். மாத்திரைகள் தொண்டையில் அடைத்தன. விழுங்காவிட்டால் மூச்சு நின்றுவிடும், அதனால் விழுங்கினேன். மிச்சத்தைத் தள்ள விரலை உள்ளே விட்டான். கடித்தேன். இருந்த பற்கள் எல்லாவற்றையும் வைத்துக் கடித்தேன். எலும்பு பல்லில் தட்டுப்பட்டது. அவன் மாடுபோலக் கத்தினான். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் சந்தோஷம்தான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது பாட்டிலை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். தருமபுரி பஸ் வந்தது. செருப்புகூட இல்லாமல் மாமியாரும் பின்னால் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைக் காப்பாற்ற வந்தாரா, மகனைக் காப்பாற்ற வந்தாரா என்று தெரியவில்லை. சொல்லிடாதடி என்று வழியெல்லாம் காதில் முனகிக்கொண்டே வந்தார். நான் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துக்கொண்டே வந்தேன்.

அரசு மருத்துவமனையில் இளவயது டாக்டர் ஒருவர் இருந்தார். பாட்டிலை வாங்கி எண்ணைப் படித்ததும் அவர் முகம் மாறியது. எனக்கு மறுபடி வாந்தி வந்தது. புருவத்தில் பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்க்க வேண்டும், சில நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். பிறகு எப்படிச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

சத்து மாத்திரை என்று நினைத்துத் தின்றுவிட்டாள் என்றார் மாமியார்.

“நீங்க சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு?”

நான் முதலில் குனிந்து என் காலைப் பார்த்தேன். நகம் கறுத்த கட்டைவிரல் தெரிந்தது. அதன் மேல் யார் காலும் இல்லை. மாடு முட்டாத கன்னத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். மின்விசிறி, சுவர், டம்ளர், முட்டி. என் வாயில் காய்ந்திருந்தது அவனுடைய ரத்தம் என்பதையும் சொன்னேன். மாமியார் என் கையைக் கிள்ளிப் பார்த்தார், நான் நிறுத்தவில்லை.

டாக்டர் எழுதிக்கொண்டே மாமியாரிடம் கேட்டார். இந்த மருந்தை யாரும் சும்மா எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்களே, கடையில் என்ன சொல்லி வாங்கினீர்கள்?

மாமியார் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எம் பையன் பொண்டாட்டியக் கொன்னுடுவான் போல இருக்குது, அந்த வெறி அடங்க எதுனா மருந்து இருந்தா குடுங்கன்னு கேட்டேங்க.”

டாக்டரின் பேனா நின்றது.

“அத அப்படியே எழுதிக்குங்க சார்” என்றேன்.