ஐரோலி கேட்டில் எடுத்த படம்

மூன்றாம் வகுப்பில் வாத்தியார் என்னை விரட்டினாரா, நான் அவரை விரட்டினேனா என்பது இன்னும் தகராறு. தாராவியில் தோல் பை தைக்கிறேன். டீ குடிக்கப் போகிற வழியில் ஆண்களை அவர்களுக்குத் தெரியாமல் போனில் படம் பிடிப்பேன். பெண்களை எடுத்தால் செருப்பு வரும். ஆண்களை எடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

லேபர் கேம்ப் பக்கத்து நாக்கா முச்சந்தியில் தினக்கூலிக்கு ஆட்கள் விடியலிலேயே நிற்பார்கள். ஒருநாள் அங்கே எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர். கையில் பெயிண்ட் பிரஷ். மேஸ்திரி தன்னைக் கூப்பிடுவானா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அபாரமான முகம். எடுத்தேன். பொங்கலன்று எங்கள் ஊர்க்காரர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ‘உழைப்பாளிக்கு வாழ்த்து’ என்று போட்டு, இரண்டு கரும்பும் ஒட்டினேன்.

ரயிலேறிப் போகிற தூரத்து ஐரோலியில் ஒரு கம்பெனியில் தான் சூப்பர்வைசர் என்று சொல்லித்தான் அண்ணாச்சி தன் மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் அதே குரூப்பில் இருந்தார். எனக்கு இரண்டுமே தெரியாது.

மறுநாள் அண்ணாச்சி என் பட்டறைக்கு வந்தார். நான் முகத்தைப் பொத்திக்கொண்டேன்.

“கைய எடுல. அந்த மூஞ்சில அடிச்சா என் கைதான் கெட்டுப்போவும். ஐரோலிக்கு வா. கம்பெனி கேட்டுல ஒரு படம் எடு. நான் பாக்காத மாதிரி இருக்கணும்.”

“லீவு நாள்ல சும்மா பெயிண்ட் அடிக்கப் போனேன்னு சொல்லிருவமா அண்ணாச்சி?”

“சொல்லியாச்சு. நம்பல. படம் கேக்காவ.”

தேய்த்த சட்டை, கழுத்தில் யாரிடமோ இரவல் வாங்கிய ஐடி கார்டு. கேட்டுக்கு முன்னால் நான்கு தடவை நடந்தார். நான்கு தடவையும் கண் என் போனுக்கே வந்தது.

“தெரியாத மாதிரி நடங்க அண்ணாச்சி.”

“தெரிஞ்ச பொறவு எப்படில தெரியாம நடக்க?”

ஐந்தாவது தடவை வாட்ச்மேன் “ஏய்!” என்று கத்த, அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அது ஒன்றுதான் தேறியது. ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அனுப்பினோம்.

சம்பந்தி உடனே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டோம்.

“விரலால பெருசாக்கிப் பாத்தோம்வே. கார்டுல இருக்கது வேற ஆளுலா? ஒரு பொய்க்கு மேல இன்னொரு பொய். இனி பேச்சு வேண்டாம். பிள்ளைக்கு வேற எடம் பாத்துக்கிடும்.”

என் போனில் படம் அவ்வளவு தெளிவாக விழும். அந்தப் பெருமையில் கார்டைத் திருப்பிப் போடச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு வண்டிகள் போயின. அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி போன் அடித்தது, மகள். எடுத்து என் கையில் திணித்தார்.

“நீ சொல்லுல. என்னப் படம் புடிச்சு ஊரையே சிரிக்க வைக்கியே, சொல்லு.”

“அப்பா,” என்றது அந்தப் பிள்ளை, “படத்தப் பாத்துட்டாவளா? என்னப்பா சொன்னாவ?”