சகாயம் பாஸ் பூட்டிய பின் சக்கரம்

செய்தி வந்தபோது ஒரு குழந்தையைத் தராசில் தொங்கவிட்டிருந்தேன். அன்று கிளினிக் நாள். தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்ணொருத்தி வாசலில் நின்றபடியே, "மிஸி, சகாயம் பாஸ் போயிட்டாருங்க. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு ஒக்காந்தவரு எந்திரிக்கல" என்றாள். எடையைப் புத்தகத்தில் குறித்தேன். பிறகு பார்த்தால் வேறொரு பிள்ளையின் பெயருக்கு நேரே எழுதியிருக்கிறேன்.

இன்று அவருடைய முப்பதாம் நாள் பூசை. பங்குச் சாமியார் என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். எனக்குப் பேச வராது, அழுகைதான் வரும். அதனால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு அவரைத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையின் ஃபிட்டர். சகாயநாதன் என்ற முழுப் பெயர் கல்லறைச் சிலுவையைப் பார்த்துத்தான் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும், கைத்தொழில் தெரிந்தவருக்கு நாம் வைக்கும் மரியாதையில் எல்லோருக்கும் அவர் சகாயம் பாஸ். நான் இந்தத் தோட்டத்தின் மருத்துவிச்சி. அவர் நான் அண்ணன் முறை வைத்துக்கொண்ட மனிதர். அவரோ என்னை விட வயதில் மூத்தவராக இருந்தும் கடைசிவரை "மிஸி", "வாங்க", "போங்க"தான்.

பெட்ரோல் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்டோக்கள் லயத்து வீடுகளின் வாசல்களில் கோழி அடையும் இடமாகிவிட்டன. தோட்டத்தின் மேல் டிவிசனுக்கு நான் நடந்துதான் போனேன். ஏறி முடிக்க ஒன்றரை மணி நேரம். ஒரு நாள் மூச்சு வாங்கப் பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்ததை அவர் பார்த்துவிட்டார். மறுநாள் கிளினிக்குக்கு வந்து, அளவு நாடாவால் என் இடுப்பிலிருந்து கால்வரை அளந்தார். "எனக்கு என்ன பெட்டியா அடிக்கப் போறீங்க?" என்று கேட்டேன். "வாயக் கழுவுங்க மிஸி. சைக்கிளுக்கு சீட்டு வைக்கணும்" என்றார்.

தெமோதரையில் ஒரு தங்குவிடுதியில் யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன சைக்கிள் அது. அகன்ற ஹேண்டில், தடித்த டயர், சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற கடற்கரைச் சைக்கிள். அதற்குப் பூட்டும் சின்ன இன்ஜின் ஒன்றை, தாங்கி, செயின், கிளச்சு எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கியதை, பதுளையில் ஒரு கடையில் பிடித்திருந்தார். பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் படம் மட்டும்தான் புரிந்தது. வேலை முடிந்து, மாலை வெளிச்சம் இருக்கும்வரை தொழிற்சாலைப் பட்டறையில் வைத்துப் பூட்டினார். இன்ஜினின் தாங்கி அந்தச் சட்டத்தின் பருமனுக்குச் சேரவில்லை, புதிதாகக் கடைந்தார். என் சீருடை செயினில் மாட்டாமலிருக்க பிஸ்கட் டின்னை வெட்டி மறைப்பு அடித்தார். பின் சக்கரத்தின் கம்பிகளோடு சேர்த்து ஒரு பல்சக்கரத்தைப் பிடிக்க வேண்டும், அதற்கு ஒன்பது போல்ட். அதற்கு மட்டும் இரண்டு மாலை எடுத்துக்கொண்டார். "இறுக்குறதுக்கு பலம் போதும் மிஸி. நிறுத்துறதுக்குத்தான் புத்தி வேணும்" என்றார்.

எல்லாம் முடிந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. பெட்ரோல் பங்கீட்டுக்கு கியூஆர் வேண்டும், கியூஆருக்கு வாகன நம்பர் வேண்டும், இந்தச் சைக்கிளுக்கு ஏது நம்பர்? பெட்ரோலை மிச்சம் பிடிக்கச் செய்த வண்டிக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் வாங்க வழியில்லை. பட்டறை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "நாப்பது வருசம் மெஷினோட கெடந்தும் மண்டையில ஒண்ணும் இல்லையே" என்றார். அன்று நான் சிரித்த சிரிப்புக்கு அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் ஆட்டோக்காரப் பொடியன்கள்தான் வழி செய்தார்கள். தங்கள் பங்கில் ஆளுக்கு அரைப் போத்தல் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களில் இருவர் பிறந்தபோது முதலில் தூக்கியதே நான்தான்.

ஒன்றரை மணி நேரம் இருபது நிமிடமானது. முதலில் கொஞ்சம் மிதித்து, கிளச்சை விட்டால் இன்ஜின் படபடவென்று பிடித்துக்கொள்ளும். செங்குத்தான இடங்களில் நானும் சேர்ந்து மிதிக்க வேண்டும். மலையே காது பொத்தும். "மிஸி வாறாங்க" என்று சத்தத்தை வைத்தே கர்ப்பிணிப் பெண்கள் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒன்றரை வருடம் அப்படி ஓடியது.

அடுத்ததைச் சொல்லத்தான் எழுதிக்கொண்டு வந்தேன்.

மேல் டிவிசனில் பரமேஸுக்குப் பிரசவத்துக்குக் குறித்த நாள் இன்னும் வரவில்லை. வலி முன்னாலேயே வந்துவிட்டது. தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. அவளுடைய கணவன் ரவி எனக்குப் போன் செய்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில், கோயில் வளைவில், பின் சக்கரத்துக் கம்பிகள் அறுந்து சக்கரம் நெளிந்தது. விழுந்தேன். முழங்காலில் இரத்தத்தோடு மிச்ச மலையை நடந்து ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து அடங்கியிருந்தது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. பரமேஸ் பிழைத்தாள். நேரத்துக்குப் போயிருந்தால் பிள்ளையும் பிழைத்திருக்குமா என்று பெரிய டாக்டரே உறுதியாகச் சொல்லவில்லை. பெற்றவளுக்கு அந்தப் பதில் எதற்கு ஆகும்?

ரவி என்மேல் முறைப்பாடு எழுதினான். எழுதியது நியாயம். பதுளையில் விசாரணை நடந்தது. எப்படிப் போனீர்கள் என்று அதிகாரி கேட்டார். நம்பர் இல்லாத வண்டியில் கடமைக்குப் போனேன் என்று சொன்னால் என் வேலை போய்விடும். "நடந்துதான் போனேன் சேர்" என்றேன். ரவி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்னும் நான் தாண்டவில்லை.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு சகாயம் பாஸ் உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை; வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டை. தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதிகாரியிடம் சொன்னார். பிறகு ரவியின் பக்கம் திரும்பி, "ஒனக்கும் வெளங்கணும்" என்று தமிழில் சொன்னார். "அந்தச் சைக்கிளைச் செஞ்சது நானு. தோட்டத்துப் பட்டறையில, தொரைகிட்ட கேக்காம செஞ்சேன். போல்ட்ட அளவுக்கு மேல இறுக்கிப்புட்டேன், கம்பி அறுந்துருச்சு. மிஸி நடந்து வந்தேன்னு சொல்றது என்னையக் காப்பாத்த. பிழை எம்பேர்ல இருக்கு. அவங்க பேர்ல எழுதாதீங்க."

என் பொய்யைக்கூட எனக்குப் புண்ணியமாக்கிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. அவரைப் பட்டறையிலிருந்து எடுத்து மலைவேலைக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும்வரை இரண்டு வருடம், நாற்பது வருட ஃபிட்டர், பாதையோரத்தில் புல் வெட்டினார். தொழிற்சாலையில் ரோலர் சத்தம் மாறினால் கத்தியை நிறுத்திக் காது கொடுப்பார். பிறகு மறுபடி குனிவார். நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி நடந்திருக்கிறேன்.

ஒரு நாள் தாங்க முடியாமல் அவர் முன்னால் போய் நின்றேன். "அண்ணே, அந்தப் பின் சக்கரம்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மிஸி" என்றார். கத்தியைக் கீழே வைத்தார். "அறுந்த மொனையப் பார்த்தேன். அன்னைக்கு அறுந்தது பளபளன்னு இருந்துச்சு. ரெண்டு மட்டும் கறுத்துப் போயிருந்துச்சு. அது முன்னாடியே அறுந்தது. சத்தம் வந்திருக்கும்."

வந்தது. மூன்று நாளாக டிக் டிக் என்று வந்தது. சத்தம் வந்தால் ஓட்டாதீங்க, கொண்டாந்துருங்க என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். கொடுத்தால் இரண்டு நாள் நடக்க வேண்டுமே என்று சோம்பல் பட்டேன். அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் எதுவும் இல்லை.

"பின்னே ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா ஒங்கள மொனராகலைப் பக்கம் தூக்கிப் போட்டுருவாங்க. என் எடத்துக்கு நாளைக்கே ஒரு ஃபிட்டர் வருவான். இந்த மலைக்கு இன்னொரு மிஸி வருவாங்களா? போங்க, மேல யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார். மறுபடி புல் வெட்டத் தொடங்கினார்.

சகாயம் பாஸைப் பற்றி இந்தத் தோட்டம் ஒரு பேச்சு வைத்திருக்கிறது: நல்ல மனுசன், ஒரே ஒரு வேலையில் கை தப்பிவிட்டது என்று. செத்த வீட்டிலும் அதைக் கேட்டேன். அண்ணி கேட்க, பிள்ளைகள் கேட்கச் சொன்னார்கள். அவர் கை தப்பவில்லை. அந்த ஒன்பது போல்ட்டும் சரியாக, நிறுத்த வேண்டிய இடத்தில்தான் நின்றிருந்தன.

அவர் உயிரோடு இருக்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் இல்லை. சபையில் எழுந்து நின்று, பிழை என் பெயரில் இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த ஒரு மனிதரை நான் பார்த்திருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பிந்தியாவது எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி.

பரமேஸ், ரவி, இரண்டு பேரும் கோயிலின் பின் வரிசை வாங்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தச் சத்தம் மூன்று நாளாக எனக்குக் கேட்டது.