உறைய மறுத்த ரத்தம்

ஸ்காட்லாந்தில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இன்று காலை ஒரு விநோதம். ஓர் இளம்பெண்ணின் ரத்தம் கண்ணாடிக் குழாயில் உறைய மறுத்தது. ஆரோக்கியமான ஒருவரின் பிளாஸ்மாவைக் கலந்து பார்த்தேன், அப்போதும் மறுத்தது. ஆனால் அவள் படுத்திருப்பதோ காலில் ரத்தம் கட்டி. கூட வேலை செய்யும் ஃபியோனா சாதாரணமாகச் சொன்னாள்: "அவள் உடம்பே தன் ரத்தத்துக்கு எதிராக உண்டாக்கிய ஆன்டிபாடி. குழாயில் உறையவிடாது, உடம்புக்குள் உறைய வைக்கும்." எனக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

கோவில்பட்டியில் அக்கா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கினாள். இடது கை சீக்கிரம் ஓய்ந்துபோகும். வேலைக் களைப்பு என்றிருந்தோம். பெண்களுக்கு இடது கையில் நாடி பார்ப்பது எங்கள் பக்க வழக்கம். வைத்தியர் பிடித்துப் பார்த்தார். நாடியே இல்லை என்று கையைக் கீழே வைத்தார். அம்மா அங்கேயே ஒப்பாரி வைத்துவிட்டாள். வலது கையில் நாடி நன்றாகத்தான் துடித்துக்கொண்டிருந்தது. அதை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தமனிச் சுவர்கள் வீங்கி அடைத்துக்கொள்ளும் நோய் என்று கண்டவர் மதுரை டாக்டர். ரத்தம் கட்டாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார்.

மதிய இடைவேளையில் ஊருக்குப் போன் போட்டேன். அக்காதான் எடுத்தாள்.

"ஏலே, போன மாசம் டெஸ்ட் எடுத்தோம்லா. ரத்தம் உறைய ரொம்ப நேரம் ஆகுதாம். தண்ணியா ஓடுற ரத்தத்துக்கு மாத்திரை எதுக்குன்னு உங்க அத்தான் நிப்பாட்டிட்டாவ."

"யாரக் கேட்டு?"

"அவிய யாரக் கேப்பாவ? நாடி இல்லாத கைக்கு வளையலே தெண்டம்ங்காவ." சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு நாளா இடது கண்ணு அப்பப்ப இருட்டிட்டு வருது. வெயிலா இருக்கும்."

"வெயில் இல்லக்கா, ரத்தக்கட்டா இருக்கும். இப்பவே மதுரைக்குப் பஸ் ஏறு."

"நாளைக்கு அத்தை வீட்டுல சடங்கு இருக்குலே. முடிச்சிட்டுப் போறோம்."

அத்தானைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. காகிதத்தில் இருந்ததைத்தான் அவர் நம்பினார். இன்று காலைவரை நானும் அப்படித்தான் நம்பியிருப்பேன்.

அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றதும் ஃபியோனா விசாரித்தாள். "எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்?"

"வீட்டில்தான்."

"அப்பாடா, தேறிவிட்டாளா" என்று முகம் மலர்ந்தாள். இங்கே வீட்டில் இருப்பதென்றால் அப்படித்தான் பொருள்.

மதுரை டாக்டருக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டேன்: அந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று பாருங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டார்கள், கண் இருட்டுகிறது. பதிலுக்காக இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜன்னலுக்கு வெளியே பனி விழுகிறது. அங்கே கரிசல் காட்டுச் சூடு இன்னும் தணிந்திருக்காது. என் விரல்கள் தாமாகவே இடது மணிக்கட்டைப் பிடித்திருக்கின்றன. துடிக்கிறது. எண்ணி முடித்ததும் அத்தானைக் கூப்பிடப் போகிறேன். சடங்கு வீட்டுக்கு அவர் மட்டும் போகட்டும்.