எழுபத்திரண்டு கிலோவும் ஒரு முன் பிரேக்கும்

கொங்கு நாட்டில் சண்டை போடுவதற்காக யாரும் மரியாதையைக் கைவிடுவதில்லை. ஒருவர் கழுத்தை அறுப்பதாக இருந்தாலும், "கொஞ்சம் அண்ணாந்து பாருங்க" என்று கேட்டுக்கொண்டுதான் அறுப்பார்கள். ஆகவே சரவணம்பட்டி பாலுசாமியும் அவர் மனைவி மயிலாத்தாளும் இரண்டு வருடமாக நடத்திய போரில் மனைவி தரப்பில் ஒரு 'ங்க' கூட உயிரிழக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

பாலுசாமிக்கு ஐம்பத்து மூன்று வயது. பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகத் தரப் பரிசோதகர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் அளவுகோல் இருக்கும். கம்பெனியில் எந்த உருப்படியும் அவர் கையில் டேக் கட்டிக்கொள்ளாமல் வெளியே போனதில்லை. நன்றாக இருந்தால் பச்சை, திருத்தி 'ரிவொர்க்' செய்ய வேண்டுமானால் மஞ்சள், கழித்துக்கட்ட வேண்டுமானால் சிவப்பு. இந்தத் தொழில் தர்மத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். தோசையின் ஓரம் கருகியிருந்தால் வாயால் "ரிவொர்க்" என்பார். மயிலாத்தாள் அந்தத் தோசையை அவர் கண்ணெதிரிலேயே நாய்க்குப் போடுவாள். நாய் ஒருநாளும் எதையும் கழித்துக்கட்டியதில்லை.

போருக்குக் காரணம் அவருடைய நூறு சிசி வண்டி. இரண்டு வருடத்துக்கு முன்பு, மயிலாத்தாளின் தம்பி சுரேந்தர் மனை விற்கும் ஆபீஸ் ஒன்றைத் திறந்தான். அன்றைக்கு அக்காள் ஒரு தூக்குப்போசி நிறையக் கறிக்குழம்போடு வண்டியின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனாள். ஐ.டி. கம்பெனி வாசலில் முந்தின நாள் போட்ட, வெள்ளைக் கோடுகூடப் பார்க்காத புது வேகத்தடை. பாலுசாமி முன் பிரேக்கைப் பிடித்தார். அந்தப் பழைய டிரம் பிரேக் முதலில் யோசித்தது. பிறகு சம்மதித்தது. அதற்குள் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 'தொம்'மென்று அடிவரை அமுங்கி, அதே வேகத்தில் மேலே எழும்பியது. மயிலாத்தாள் இறங்காமலே இறங்கினாள். கணுக்கால் பிசகியது. டீ குடித்துக்கொண்டிருந்த நாற்பது இளைஞர்கள் முன்னிலையில் குழம்பு அவள் பட்டுப்புடவையில் பரிமாறப்பட்டது.

அன்றைக்கு ஒரு நல்ல கணவன் சொல்ல வேண்டியது என்ன என்று ஊரில் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். பாலுசாமி ஆய்வறிக்கை கொடுத்தார்.

"அறுவது பங்கு தப்பு வண்டி மேல. முப்பது பங்கு ரோட்டு மேல. பின்னால உக்காந்தவங்க சரியாப் புடிக்காதது ஒரு பத்துப் பங்கு."

"அந்தப் பத்துப் பங்க நீங்களே வெச்சுக்குங்க," என்றாள் மயிலாத்தாள். "அந்த வண்டீல இனி என்ற நெழல்கூட ஏறாதுங்க."

நிழல்கூட ஏறவில்லை. இதில் பாலுசாமிக்குப் பெரிய நஷ்டம் வருடத்துக்கு ஒருமுறை வந்தது. மயிலாத்தாளின் பிறந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். அங்கே மாரியம்மன் நோம்பி என்கிற திருவிழாவுக்கு அவள் தம்பியின் காரில் போய் இறங்குவாள். பின்னாலேயே இவர் மட்டும் தனியாக, கூரியர்காரரைப் போல வண்டியில் வந்து சேர்வார். ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம் மொத்தமும் கோயில் வாசலில் நின்று, "ஏனுங்க, மயிலா வண்டீல வரலீங்களா? சண்டைங்களா?" என்று அக்கறையோடு கேட்கும். சுரேந்தர் அதைவிட அக்கறையோடு, "அக்காவுக்கு என்ற கார்ல ஆறு ஏர்பேக் இருக்குதுங்க. மாமா வண்டீல மாமாதானுங்க ஏர்பேக்," என்பான்.

அடுத்த நோம்பிக்கு மயிலாத்தாள் அவருடைய வண்டியில் வந்து அந்தக் கோயில் வாசலில் இறங்க வேண்டும். அந்த வருடம் பாலுசாமி வாழ்க்கையிடம் கேட்டது அது ஒன்றுதான். கேட்கும் முறை அவருக்குத் தெரியாததால், வண்டியைத் திருத்தத் தொடங்கினார்.

உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் விற்கும் கடைகளில் ஒன்று ஃபஹீமாவுடையது. விபத்தில் பின்பக்கம் நசுங்கிய ஒரு நூற்றிருபத்தைந்து சிசி வண்டியின் முன்பக்கம் முழுசாக அங்கே இருந்தது. டிஸ்க் பிரேக் வைத்த சக்கரம், தடித்த ஃபோர்க், கைப்பிடியில் மாட்டும் பிரேக் ஆயில் டப்பா, ஹோஸ் எல்லாம். பாலுசாமி அந்த ஃபோர்க் குழாயைத் தரையில் வைத்து உருட்டினார். டயல் கேஜ் வைத்து வளைவு பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடியும் உருட்டினார். அப்புறம் அங்கே கிடந்த வேறு மூன்று ஜோடியையும் உருட்டினார்.

"ஏனுங்கண்ணா," என்றாள் ஃபஹீமா, "ஃபோர்க் வாங்க வந்தீங்களா, பொண்ணுப் பாக்க வந்தீங்களா? மத்தியானம் போயி சாயங்காலம் ஆயிப்போச்சு."

"மூணு ஜோடியில வளைவு இருக்குதுங்கம்மிணி. முடி அளவு."

"முடி அளவுதானுங்களே. உங்க பேச்சவிட நேராத்தான இருக்குது."

அதோடு விட்டிருந்தால் வியாபாரம் சுமுகமாக முடிந்திருக்கும். பாலுசாமி பழக்க தோஷத்தில் பையிலிருந்து மூன்று சிவப்பு டேக்குகளை எடுத்து அந்த மூன்று ஜோடிகளிலும் கட்டிவிட்டார். கடைக்கு வந்த இன்னொருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் கழிச்சுக்கட்டுனதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே நடையைக் கட்டினார்.

"என்ற கடையில என்ற சாமானுக்குச் செகப்புச் சீட்டுக் கட்ட நீங்க யாருங்க?" ஃபஹீமா எழுந்தேவிட்டாள். "நல்லாருப்பீங்க, இந்த ஒண்ண எடுத்துட்டுப் போயிருங்க. அடுத்த தடவ சாமான் வேணுமின்னா வேற ஊருல வண்டி கவுந்திருக்குதான்னு பாருங்க."

பதினோரு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. புது ஃபோர்க் வண்டியின் கழுத்தில் பொருந்துவதற்குப் பேரிங் மாற்றினார். பிரேக் ஹோஸுக்குள் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் ஆயிலை இறக்கினார். இப்போது இரண்டு விரலால் தொட்டால் போதும், சக்கரம் சொன்ன இடத்தில் நின்றது. ஃபோர்க்குக்குள் கெட்டியான ஆயில் ஊற்றினார். ஸ்பிரிங் மேலும் விறைப்பாக நிற்க, வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மீந்த பிவிசி துண்டை அளந்து வெட்டி அதன் தலையில் வைத்தார். அந்தத் துண்டு எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். ஆள் உட்கார்ந்தால் ஃபோர்க் எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்துதான் அதை முடிவு செய்ய முடியும். முன்னால் உட்காரும் ஆள் தயார். பின்னால் உட்காரும் ஆள் சமையலறையில் இருந்தாள்.

"மயிலா, ஒரே நிமிசம் வந்து உக்காரு. வண்டி நகராது. எவ்வளவு அமுங்குதுன்னு ஸ்கேல் வெச்சுப் பாக்கோணும்."

"நான் உக்காந்தா அமுங்கும்னு சொல்றீங்களா?"

"ஆரு உக்காந்தாலும் அமுங்கும்."

"அப்ப ஆரையாச்சும் உக்கார வெச்சுப் பாருங்க."

பாலுசாமி சிந்தித்தார். தை மாதம் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் அவள் எடை அறுபத்தெட்டு கிலோ. மாட்டுத்தீவனக் கடைக்குப் போய்ப் பருத்திக்கொட்டை மூட்டை ஒன்றை எடை போட்டுக் கட்டச் சொன்னார். வண்டியின் பின் இருக்கையில் ஏற்றிக் கயிறு போட்டார். ஸ்கேல் வைத்து அளந்தார். பிவிசி துண்டைப் பதினெட்டு மில்லிமீட்டரில் வெட்டினார். பிறகு மூட்டையோடு சரவணம்பட்டியை வலம் வந்தார். அதே ஐ.டி. கம்பெனி வாசல், அதே வேகத்தடை. முப்பது தடவை வேகமாக வந்து முப்பது தடவை பிடித்தார். முகம் தரையில் முட்டாமல் வண்டி கச்சிதமாக நின்றது. மூட்டை ஒரு அங்குலம் நகரவில்லை. டீக்கடை இளைஞர்கள் கைதட்டினார்கள். ஒருவன் படம் எடுத்தான்.

அந்தப் படம் சாயங்காலத்துக்குள் சுரேந்தருக்குப் போய், அங்கிருந்து அக்காளுக்கு வந்தது. 'அக்கா, மாமா உன்ன ஊர்வலம் கூட்டிட்டுப் போறாரு பாரு' என்று ஒரு வரியும் கூடவே வந்தது. மயிலாத்தாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சோதனைக்குப் போகும் எந்த உருப்படியையும் பெயர் இல்லாமல் அனுப்பிப் பழக்கமில்லாத பாலுசாமி, மூட்டையின் கழுத்தில் மஞ்சள் டேக் கட்டியிருந்தார். அதில் பெரிய எழுத்தில்: 'மயிலாத்தாள். 72 கிலோ. சோதனைக்கு மட்டும்.'

வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"இதென்னங்க இது?"

"சோதனை மூட்டை."

"என்ற பேரு எதுக்குங்க அதுக்கு?"

"பேரு இல்லாம சோதிச்சா ரிப்போர்ட்டு செல்லாது."

"சரிங்க. எழுவத்திரண்டுன்னு எந்தத் தராசுங்க சொல்லுச்சு?"

"அறுவத்தெட்டுத்தான். பாதுகாப்புக்கு நாலு கிலோ சேத்தி வெக்கறது எங்க வழக்கம்."

மயிலாத்தாள் படத்தில் அந்த டேக்கைத் தொட்டுக் காட்டினாள். "கண்ணாலமாயி இருவத்தெட்டு வருசத்துல நீங்க எனக்குன்னு சேத்திக் குடுத்தது இந்த நாலு கிலோதானுங்க," என்றாள்.

மறுநாள் கம்பெனியில் பாலுசாமி சாப்பாட்டுப் பையைத் திறந்தபோது டிபன் பாக்ஸில் சிவப்பு டேக் கட்டியிருந்தது. சோறு இருந்தது, குழம்பு இல்லை. டேக்கில் 'கணவர். 53 வயது. ரிவொர்க் ஆகாது' என்று எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்து அவருடையதைவிடத் தெளிவு என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்கு பேரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள்.

நோம்பி வந்தது. மயிலாத்தாள் தம்பியின் வெள்ளைக் காரில் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். மடியில் தட்டு, தட்டு நிறைய மாவிளக்கு மாவு. பாலுசாமி தனியாக வண்டியில் கிளம்பினார். காங்கேயம் தாண்டியதும் கார் அவரைப் பிடித்துவிட்டது. பிடித்தவன் தாண்டிப் போயிருக்கலாம். சுரேந்தருக்கு அது போதவில்லை. மாமாவின் பின் சக்கரத்தை மோப்பம் பிடிக்கும் தூரத்தில் காரை வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தபடியே வந்தான்.

வெள்ளகோவிலுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும். இடது பக்க வேலி இடைவெளியிலிருந்து ஒரு செம்மறியாடு ரோட்டுக்கு வந்தது. ஒன்று வந்தால் அப்புறம் நாற்பது வரும் என்பது செம்மறியாட்டின் அரசியல் சட்டம். பாலுசாமியின் இரண்டு விரல்கள் கைப்பிடியைத் தொட்டன. வண்டி தலை குனியாமல், வால் ஆட்டாமல், முதல் ஆட்டுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. உலகத்தில் வேறு எந்த நூறு சிசி வண்டியும் அவ்வளவு அழகாக நின்றதில்லை என்று அவருக்குத் தோன்றிய அந்த விநாடியில், பின்னால் 'கிறீச்' என்ற சத்தம் கேட்டது. கார் வழுக்கிக்கொண்டு வந்து வண்டியின் மட்கார்டை முத்தமிட்டு நின்றது. பின் விளக்கு உடைந்தது.

ஏர்பேக் ஆறும் அசையவில்லை. வெடித்தது மாவிளக்குத் தட்டு. கண்ணாடியில், சுரேந்தரின் கூலிங்கிளாஸில், மயிலாத்தாளின் முகத்தில், தலைமுடியில், அம்மனுக்கு என்று இடித்த மாவு மொத்தமும் அப்பிக்கொண்டது.

சுரேந்தர் இறங்கினான். "ஏனுங்க மாமா! ரோட்டுல இப்படியாங்க சடார்னு நிறுத்தறது?"

"ஆடு வந்துதுங்க மாப்ளே. நிறுத்தாம ஆட்டுகிட்ட வழி கேட்டுட்டாங்க வர முடியும்?"

"மெதுவா நிறுத்தியிருக்கோணுங்க! கண்டவனோட பிரேக்கையெல்லாம் மாட்டீட்டு வந்து என்ற வண்டியக் கெடுத்துப்போட்டீங்க!" திரும்பிக் காருக்குள் பார்த்தான். "நீயும் ஏனக்கா, ஒரு தட்டுகூடக் கெட்டியாப் புடிக்கத் தெரியாதா?"

கார்க் கதவு திறந்தது. மயிலாத்தாள் வெள்ளை முகத்தோடு இறங்கினாள். ஆடுகளுக்குப் பின்னால் வந்த ஆட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடலாமா என்று யோசித்தார்.

"தம்பி," என்றாள், "வண்டி நின்னுதுன்னு வண்டிக்காரனத் திட்டற மொத ஆளு நீதான்டா. உனக்கு ஓட்டத் தெரியாததுக்கு எனக்குப் புடிக்கத் தெரியலயா?"

பாலுசாமியின் நெஞ்சு விரிந்தது. "அதத்தான் மயிலா நானும்..."

"நீங்க பேசாதீங்க. பத்துப் பங்கு தப்பு என்ற மேலன்னு சொன்னவருதான நீங்க? இவனாச்சும் பங்கு பிரிக்கல." ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பஸ் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூசைக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது. எவர் குறைந்த கேடு என்று அவள் கணக்குப் போட்டது முகத்து மாவையும் மீறித் தெரிந்தது.

வந்து வண்டியின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாள். ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்று குனிந்து பார்க்கத் துடித்த பாலுசாமி, உயிராசையால் நிமிர்ந்தே இருந்தார்.

"மூணு சங்கதி சொல்றேன், கேட்டுக்குங்க. இருவதுக்கு மேல போகக் கூடாது. கோயிலுக்குப் போற மட்டும் ஒரு வார்த்த பேசக் கூடாது. முக்கியமா, முன்னால பின்னால எந்த பிரேக்கையும் தொடக் கூடாது. அன்னிக்குப் புடிச்சீங்க, குழம்புல குளிச்சேன். இன்னிக்குப் புடிச்சீங்க, மாவுல குளிச்சேன். தொட்டீங்கன்னா அங்கியே எறங்கி நடந்துருவேன்."

ஐந்து கிலோமீட்டர். கொங்கு மண்டலத்திலேயே சிறந்த முன் பிரேக்கைக் கைக்கு அரையடி தூரத்தில் வைத்துக்கொண்டு, அதைத் தொடாமல் பாலுசாமி ஓட்டினார். குறுக்கே சைக்கிள் வந்தபோது கியரைக் குறைத்தார். கோழி வந்தபோது ஹாரன் அடித்தார். தண்ணீர் லாரி வந்தபோது குலதெய்வத்தை நினைத்தார். பின்னால் சுரேந்தர் இருபதில் ஊர்ந்து வந்தான். இந்தத் தடவை ஹாரன் அடிக்கவில்லை.

கோயில் வாசலுக்கு முன்னால் ரோடு கொஞ்சம் இறக்கம். ஒறம்பரை மொத்தமும் பந்தலுக்கு அடியில் நின்றது. மயிலா வண்டியில் வருகிறாள் என்று யாரோ சத்தம் போட, எல்லாத் தலையும் திரும்பியது. இரண்டு வருடமாக அவர் வேண்டியது இந்தக் காட்சியைத்தான். வண்டி மட்டும் நிற்பதாக இல்லை. பாலுசாமி இரண்டு கால்களையும் தரையில் ஊன்றினார். செருப்பு தேய்ந்தது, வலது செருப்பு கழன்றே போனது. தார் ரோட்டில் பெருவிரலை இழுத்துக்கொண்டு இருபதடி போய், பந்தல் காலில் முன் சக்கரம் மெதுவாக முட்டியதும் வண்டி நின்றது.

மயிலாத்தாள் பட்டுப்புடவையை உதறிக்கொண்டு பத்திரமாக இறங்கினாள்.

பெரியவர் ஒருவர் கிட்டே வந்து, பாலுசாமியின் ரத்தம் கசியும் விரலைப் பார்த்தார். பளபளக்கும் டிஸ்க்கைப் பார்த்தார். "ஏனுங்க பாலுசாமி," என்றார் ரொம்பவும் மரியாதையாக, "இத்தன ஆடம்பரம் பண்றதுக்கு மொதல்ல அந்த பிரேக்கச் சரி பண்ணியிருக்கலாமுங்களே?"

பாலுசாமி வாயைத் திறந்தார். மயிலாத்தாள் திரும்பிப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார்.

"நானும் ரெண்டு வருசமாச் சொல்லீட்டுத்தானுங்க இருக்கறேன்," என்றாள் மயிலாத்தாள் பெரியவரிடம். "ஆரு சொன்னாலும் கேக்கமாட்டாருங்க."