குடோனில் இருந்த வைட்டமின்

மூன்று வருடங்களுக்கு முன், பெங்களூரில் நடந்தது. எங்கள் வீடு மர்பி டவுனில். வைட்டமின்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்கும் ஒரு கம்பெனியில், இறக்குமதிப் பிரிவில் எனக்கு வேலை. சமையல் எண்ணெயில் சேர்க்க வைட்டமின் ஏ, டி. கோதுமை மாவுக்கு ஃபோலிக் ஆசிட். முடி வளர விற்கிற மாத்திரைகளுக்கு பயோட்டின். பெரும்பாலும் சீனாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து லாரியில் எங்கள் குடோனுக்கு வரும்.

அப்போது என் மகளுக்கு ஒன்றரை வயது. 'அப்பா' என்று வாய் நிறையக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். திடீரென்று வாயைச் சுற்றிப் புண் வந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பக்கத்துத் தெரு டாக்டர், "ஹீட் அஷ்டே" என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார், வெறும் சூடுதானாம். இன்னொருவர் அலர்ஜி என்றார். பிறகு ஃபிட்ஸ் வர ஆரம்பித்தது. எந்த சிரப்புக்கும் அடங்கவில்லை. நாள் முழுக்கத் துவண்டு கிடப்பாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு என் மனைவி சுவரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில் பயோட்டினுக்கு ஏகக் கிராக்கி. துறைமுகத்தில் சரக்கு சிக்கிக்கொண்டால் கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் கத்துவதும், மாத்திரைக் கம்பெனிகளுக்குச் சமாதானம் சொல்வதும் என் வேலை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டும் போனில் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு டாக்டரம்மா புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். ரிசல்ட் வந்த அன்று எங்களை உட்கார வைத்துப் பேசினார். அவரும் தமிழ்தான்.

"இது பிறவிக் குறை. சாப்பாட்டுல இருக்கிற ஒரு வைட்டமினை இவ உடம்பால பிரிச்சு எடுத்துக்க முடியல. தினமும் நாம குடுத்துட்டே இருக்கணும், அவ்வளவுதான். சாதாரணமா கிடைக்கிறதுதான். பயோட்டின்."

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, உங்க குடோனுக்கு வர்றதா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த வாரம்தான் புதுச் சரக்கு இறங்கியிருந்தது. எவ்வளவு தேவைப்படும் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"ரொம்பக் கொஞ்சம். ஒரு சிட்டிகைகூட வேணாம்."

மாத்திரையை நுணுக்கிப் பாலில் கலந்து கொடுத்தோம். சில நாளிலேயே ஃபிட்ஸ் நின்றது. புண் ஆறியது. எழுந்து நடந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியின் கை தவறி எவர்சில்வர் அண்டா கீழே விழுந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவர்களே எட்டிப் பார்த்தார்கள். முதுகைக் காட்டி உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த மகள் திரும்பவே இல்லை. "பாப்பா, பாப்பா" என்று மனைவி பின்னாலிருந்து கத்தினாள். அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். இந்தக் குறையாலேயே காது நரம்பு கெட்டுப்போயிருந்தது. "மத்ததெல்லாம் சரியாயிடும், இது மட்டும் திரும்பி வராது. முன்னாடியே குடுத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. பிறந்தவுடன் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்குமாம். அப்படி ஒரு டெஸ்ட் இருப்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

ஆட்டோவில் வீடு திரும்பும்போது மனைவி மெதுவாகக் கேட்டாள். "அப்பான்னு கூப்பிடுவாளே, இனிமே அதுவும் மறந்துடுமா?"

மறந்துதான் போனது. காதுக்கு மெஷின் வைத்துப் பார்த்தோம், பலனில்லை. இப்போது கையை அசைத்துத்தான் என்னைக் கூப்பிடுகிறாள்.

மருந்தே இல்லாத நோய் என்றிருந்தால்கூட எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருந்தும், இன்னதுதான் வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஒருவர் கிடைக்க அவ்வளவு காலம் ஆனதே, அதை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.